இலைக்காக வைத்த நூக்கல்

நூக்கலின் பச்சைத் தோலைச் சீவும்போது எழும் மணத்தில் பாதி கடுகு, பாதி முள்ளங்கி. ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் உள்ள திமிரியில் இன்று ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்த மணம் பட்டால் போதும், மார்கழி, தை மாதத்துப் புழக்கடை நினைவுக்கு வந்துவிடும். கிணற்றடிக் கால்வாய் ஓரத்தில் நாலைந்து நூக்கல் செடி, அடியில் கொட்டிய அடுப்புச் சாம்பல், மெழுகு பூசிய நீலப்பச்சை இலைமேல் உருளும் பனித்துளி. அந்த நாளில் நூக்கல் என்றால் காயும் இலையும் சேர்ந்ததுதான். தெருவில் வரும் கூடைக்காரம்மா கூடையை இறக்குமுன்பே இலைகள் விளிம்புக்கு வெளியே தொங்குவது தெரியும். இன்று கடையில் நூக்கல் மொட்டையாக வருகிறது. இலை இருந்த இடத்தில் நாலு வெட்டுத் தழும்புகள் மட்டும் இருக்கும்.

அந்த மணத்துக்குக் காரணம் செடியின் தற்காப்பு. நூக்கல், கடுகு, முள்ளங்கி சேர்ந்த இந்தக் குடும்பத்துச் செடிகளின் திசுக்களில் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மம் ஓர் அறையிலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கும். புழு கடித்தாலும் கத்தி வெட்டினாலும் இரண்டும் கலந்து, காரமும் நெடியும் உள்ள ஐசோதயோசயனேட் உண்டாகிறது. கடுகை அரைத்தால் கண்ணில் நீர் வருவதும், முள்ளங்கி நாக்கில் உறைப்பதும் இதனால்தான். முழுக் கடுகை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது, உடைந்தால்தான் காரம். எண்ணெயில் பொரியும் கடுகு உறைப்பை விட்டுக் கமகமப்பை மட்டும் வைத்துக்கொள்வதற்கும் இதுவே விளக்கம்: சூட்டில் நொதி செயலிழந்துவிடுகிறது. கோஸை நெடுநேரம் வேகவைத்தால் வீடெல்லாம் நாறுவது கந்தகச் சேர்மங்கள் சிதைவதால். கல்யாண வீட்டுச் சமையற்காரர்கள் கோஸை அரை வேக்காட்டில் இறக்குவது இந்த வேதியியல் படித்து அல்ல. ஆனாலும் அவர்கள் செய்வது சரி.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல், புரோக்கோலி, கேல் எல்லாம் பார்வைக்கு வேறு வேறு. தாவரவியலில் ஒரே இனம், பிராசிகா ஒலரேசியா. ஐரோப்பியக் கடலோரத்துக் காட்டுச் செடி ஒன்றை மனிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் தேர்ந்தெடுத்து, நுனி மொட்டைப் பருக்கவைத்து முட்டைக்கோஸ் ஆக்கினார்கள். தண்டைப் பருக்கவைத்து நூக்கல். பூங்கொத்தைப் பருக்கவைத்துக் காலிஃபிளவர். கேல் என்பது இவற்றில் எதையும் செய்யாமல் இலையை மட்டும் வைத்துக்கொண்ட வகை. டர்னிப் இந்த இனத்துக்குப் பங்காளி. அஞ்சறைப் பெட்டிக் கடுகு இரண்டு இனங்கள் இயற்கையாகக் கலந்து பிறந்தது. அந்த உறவை 1935இல் விளக்கிக் காட்டியவர் ஜப்பானில் பிறந்த கொரிய வழி அறிவியலாளர் வூ ஜாங்-சுன். முள்ளங்கி கொஞ்சம் தள்ளிய உறவு, ஆனாலும் அதே குடும்பம்.

இவற்றில் கடுகும் முள்ளங்கியும் இந்த மண்ணுக்குப் பழையவை. மற்றவை பெரும்பாலும் வெள்ளைக்காரர்களோடு வந்தவை. 1820களில் உதகையில் குடியேறிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஐரோப்பியக் காய்கறிகளை அங்கே பயிரிட வைத்தார். காலிஃபிளவர் 1822இல் சகாரன்பூர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. மலையில் விளைந்த இந்தக் காய்களுக்கு இங்கிலீஷ் காய் என்று பெயர் விழுந்து, இன்றும் சந்தையில் அந்தப் பெயரே நிற்கிறது. ஆற்காட்டைப் பிடித்த கையோடு கிளைவின் படை 1751இல் திமிரிக் கோட்டையை நோக்கிப் போனது வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது. கோஸ் திமிரிக்கு வந்த கதையைச் சமையற்கட்டில்தான் கேட்க வேண்டும். அங்கே அதற்கு நெடுங்காலம் முழு அனுமதி கிடைக்கவில்லை. திதி, தெவசம் என்றால் கோஸும் காலிஃபிளவரும் இலையில் விழாது. அன்றைக்கு வாழைக்காய், புடலங்காய், அவரைக்காய்தான். கல்யாணப் பந்தியில் கோஸ் பொரியல் நுழைந்ததைப் பெரியவர்கள் முதலில் ஒதுக்கிவைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு அதுவே பந்தியின் மலிவான காய் ஆகி, இன்று கோஸ் வைத்தால் வீட்டுக்காரர் கை இறுக்கம் என்று பேச்சு வரும் அளவுக்கு இறங்கிவிட்டது.

நூக்கலின் கதை வேறு. வட ஆற்காட்டு வீடுகள் அதை எளிதாகச் சேர்த்துக்கொண்டன. சாம்பாரிலும் கூட்டிலும் சௌசௌவுக்கும் சுரைக்காய்க்கும் பக்கத்தில் உட்கார்ந்துவிடும் சுபாவம் அதற்கு உண்டு. மலை வேண்டும் என்று அடம்பிடிக்காமல் சமவெளியின் குளிர்காலத்திலேயே விளையும் என்பது இன்னொரு காரணம்.

வீட்டில் வளர்ப்பதற்கு ஆவணி, புரட்டாசியில் விதைக்க வேண்டும். ஆடியில் விதைத்தால் வெயிலில் நாற்று நீண்டு சாயும். கார்த்திகை அடைமழையில் விதைத்தால் நாற்று அழுகும். அப்போதெல்லாம் உடைந்த மண்சட்டி, ஓட்டை விழுந்த தகர டின், பழைய மரப்பெட்டி என்று கிடைத்ததில் மண்ணும் மக்கிய சாணியும் கலந்து நாற்று விடுவார்கள். விதை ஏறக்குறைய கடுகு போலவே இருப்பதால், தாளிக்க எடுத்துவைத்தது என்று நினைத்து நூக்கல் விதையை வாணலியில் போட்ட வீடுகளும் உண்டு. நாலைந்து நாளில் முளை தெரியும். முதல் இரண்டு இலை இதய வடிவில் இருக்கும். அந்த நிலையில் கோஸா, நூக்கலா, முள்ளங்கியா என்று பிரித்தறிவது எளிதல்ல. ஒரு மாத நாற்றை முழ இடைவெளி விட்டு நட்டால், நூக்கல் ஐம்பது, அறுபது நாளில் பந்தளவு திரளும். அதற்கு மேல் விட்டால் நார் ஓடி, கத்திக்கு மரக்கட்டை ஆகிவிடும். முள்ளங்கிக்கு நாற்று வேண்டாம், நேராக விதைப்பதுதான்; டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தந்த பூசா சேத்கி என்ற ரகம் கோடை வெப்பத்தையும் தாங்கி ஆறு வாரத்தில் கைக்கு வரும்.

விதை விஷயத்தில் அந்தக் காலத்து ஆயாக்களுக்கு ஒரு குறை இருந்தது. சுரை, பூசணி, அவரை, கத்திரி என எல்லாவற்றுக்கும் விதை எடுத்து, சாம்பலில் புரட்டி, துணியில் முடிந்து பரணில் வைக்கும் கைகள் அவர்களுடையவை. நூக்கலுக்கு மட்டும் வருஷா வருஷம் ஆற்காட்டு விதைக்கடைக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. பூக்கட்டும், விதை எடுக்கலாம் என்று ஒரு செடியைப் பறிக்காமல் விட்டுவைப்பார்கள். அது பூக்காது. தண்டு நீளும், புதுப்புது இலை விடும், பங்குனி தாண்டி நிற்கும். பூ மட்டும் வராது. நிலம் சரியில்லை என்பார் ஒருவர், கண் பட்டுவிட்டது என்பார் இன்னொருவர்.

உண்மையான காரணம் குளிர். இந்த இனத்துச் செடிகள் பூக்க வேண்டுமானால், ஓரளவு வளர்ந்த பிறகு பல வாரம் 10 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ குளிர் பட்டாக வேண்டும். பாலாற்றுச் சமவெளியில் மார்கழி விடியலிலும் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதனால்தான் கோஸ், நூக்கல் விதையெல்லாம் காஷ்மீரிலிருந்தும் இமாசலத்தின் குலு பள்ளத்தாக்கிலிருந்தும் வருகிறது. குலுவில் உள்ள கட்ரைனில் குளிர்ப்பிரதேசக் காய்கறிகளுக்காகவே டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் ஒன்று இருக்கிறது. அயல்நாட்டு விதைகளும் இறக்குமதியாகின்றன.

ஆயாக்களின் குறையாகத் தெரிந்ததில் ஒரு லாபமும் ஒளிந்திருந்தது. பூத்து விதை தந்ததும் பெரும்பாலான கோஸ் வகைகளின் ஆயுள் முடிந்துவிடும். பூக்காத செடிக்குச் சாகக் காரணம் இல்லை. தண்ணீரும் நிழலும் கிடைத்தால் அது இலை விட்டுக்கொண்டே இருக்கும். ஐரோப்பாவில் பல்லாண்டு கேல் என்று போற்றி வளர்க்கப்படும் வகைகளின் ரகசியமும் இதை ஒட்டியதுதான். தோபாந்தோன் என்ற பழைய வகை அரிதாகவே பூக்கும். கிளையை ஒடித்து நட்டே அதைப் பெருக்குகிறார்கள். போர்ச்சுகல் கிராமங்களில் ஆளுயரத்துக்கு நிற்கும் கேலின் அடியிலைகளைத் தினமும் ஒடித்துச் சூப்புக்குப் போடுவது வழக்கம். ஜெர்சித் தீவில் இரண்டு மூன்று மீட்டர் உயரம் வளரும் வகையின் தண்டைக் காயவைத்து, மெருகேற்றிக் கைத்தடி செய்து விற்றிருக்கிறார்கள். கென்யாவில் வீட்டுக்கு வீடு வளரும் சுகுமா விக்கி என்ற இலைக்கோஸும் கீழிருந்து மேலாக மாதக்கணக்கில் ஒடித்து உண்ணப்படுவதே.

இந்தியாவில் இந்த முறை உயிரோடு இருப்பது காஷ்மீரில். அங்கே ஹாக் என்ற இலைக்கோஸ் இல்லாத வீட்டுத் தோட்டம் குறைவு. கடுகெண்ணெய், பெருங்காயம், மிளகாய், உப்பு, தண்ணீர், இவ்வளவுதான் ஹாக். மஞ்சள்கூடப் போடுவதில்லை. நூக்கலையும் அங்கே இலையோடு சேர்த்தே சமைப்பார்கள். திமிரிக்கும் ஸ்ரீநகருக்கும் சோற்றைத் தவிர வேறு பொதுவான உணவு இல்லை என்று நினைப்பவர்கள் நூக்கலை மறந்துவிடுகிறார்கள்.

திமிரியில் பல்லாண்டு கேல் என்று யாரும் ஒன்றையும் நட்டதில்லை. அறுத்த கட்டையைப் பிடுங்காமல் விட்டதே இங்கு நடந்த பல்லாண்டு வளர்ப்பு. கோஸை அடியோடு பிடுங்காமல், கீழ் இலைகள் நாலைந்தை விட்டு, உருண்டையை மட்டும் அறுத்து எடுத்தால், மூன்று வாரத்தில் தண்டின் கணுக்களில் மொட்டுகள் வெடிக்கும். அவற்றைக் குட்டிக் கோஸாக வளரவிடலாம். அதைவிட இளம் இலையாக ஒடிப்பது மேல். நூக்கலிலும் வேரோடு ஒட்டிய அடித்தண்டை விட்டு மேலே அறுத்தால் பக்கக் கிளை வரும். முழு வெயிலில் நிற்கும் கட்டை அக்கினி நட்சத்திரத்தைத் தாண்டுவது கடினம். முருங்கை, அகத்தி, பீர்க்கம்பந்தல் இவற்றின் அடியில், பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் வழியில், வேரடியில் வைக்கோல் மூடி இருந்த கட்டைகள் ஆடி மழைக்கு மறுபடி துளிர்த்து, அடுத்த பொங்கலுக்கும் இலை தந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. கோடையில் இலை தடித்துக் கொஞ்சம் கசக்கும். மழை பட்டதும் இனிப்பு திரும்பும். பாத்திரம் விளக்கச் சாம்பலும் புளியும் இருந்த காலத்துத் தண்ணீர் அது; சோப்புத்தூள் நுரையோடு வரும் இன்றைய தண்ணீரை நேராக விடுவது செடிக்கு ஆகாது.

பூச்சிகளில் முதல் எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சி. இலையின் அடியில் இருந்து சுரண்டித் தின்று, கண்ணாடி போன்ற மெல்லிய தோலை மட்டும் விட்டுவைக்கும் சின்னப் பச்சைப் புழு அதன் குழந்தை. டி.டி.டி. மருந்துக்குப் பழகிப்போன முதல் பயிர்ப்பூச்சி என்று அறியப்பட்டது இதுதான். 1953இல் ஜாவாவில் அது தெரியவந்தது. அதற்குப் பிறகு வந்த மருந்துகளுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழகிக்கொண்டது. காலிஃபிளவரை மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் முக்கி எடுக்கும் பழக்கம் புழுவுக்காக வந்தது. இன்று மருந்துக்காகவும் அதையே செய்கிறார்கள், மருந்து அவ்வளவு எளிதில் போய்விடாது என்றாலும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு ஒரு நல்ல வழி சொன்னது. கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பும், நட்ட 25 நாள் கழித்தும் ஊடே கடுகு விதைத்தால் அந்துப்பூச்சி கடுகைத் தேடிப் போய் முட்டையிடும். 25 வரிசைக் கோஸுக்கு இரண்டு வரிசைக் கடுகு என்பது அவர்கள் கணக்கு. வீட்டுத் தோட்டத்துக்கு ஓரத்தில் ஒரு பிடிக் கடுகைத் தூவினால் போதும், அதையும் சமையலறையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அசுவினிக்கு அந்நாளில் விறகடுப்புச் சாம்பல். கேஸ் அடுப்பு வந்தபின் சாம்பல் போனது. வேப்பங்கொட்டைக் கரைசல் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது.

இலையைச் சமைப்பதில் திமிரி வீடுகளுக்குப் பெரிய வித்தை ஏதும் இருந்ததில்லை. நூக்கல் இலையின் நடு நரம்பைக் கிழித்து எறிந்துவிட்டு, பொடியாக அரிந்து, பாசிப்பருப்போடு கூட்டு. அல்லது கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, பூண்டு நசுக்கிப் போட்டுப் பொரியல். முள்ளங்கி இலையில் சுணை உண்டு, வெந்தால் அடங்கும். அதைத் துவரம்பருப்போடு கடைந்து கேழ்வரகுக் களிக்கு நடுவில் குழித்து ஊற்றுவார்கள். முள்ளங்கியை நெத்திலிக் கருவாட்டோடு புளிக்குழம்பில் போடுவது இந்தப் பக்கத்துச் சமையலின் உச்சம் என்றே சொல்லலாம். கருவாட்டு வாடையும் முள்ளங்கி வாடையும் ஒன்றை ஒன்று அடக்கி, மூன்றாவதாக ஒரு மணம் வரும். அந்தக் குழம்பு மறுநாள்தான் ருசி. ஆற்காடு, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கத்தில் உருது பேசும் இஸ்லாமியர் வீடுகளில் டர்னிப்பையும் நூக்கலையும் ஆட்டுக்கறியோடு வேகவைப்பார்கள். கறியின் கொழுப்பில் வெந்த நூக்கலைச் சாப்பிட்டவர்கள் பிறகு வெறும் சாம்பார் நூக்கலைக் கொஞ்சம் அலட்சியமாகத்தான் பார்ப்பார்கள்.

மாமியார், மருமகள் பேச்சிலும் இந்த இலைக்கு இடம் இருந்தது. நகரத்திலிருந்து வந்த மருமகள் இலையை ஒடித்துக் குப்பையில் போட, ‘எலய ஏம்மா போடறே? அது நாளைக்கு ஒரு கூட்டாச்சே’ என்பார் மாமியார். ‘எங்க வூட்ல போட்டுடுவோம் அத்தே’ என்று பதில் வரும். அடுத்த தலைமுறையில் இந்தப் பேச்சே இல்லாமல் போனது, இலையே வீட்டுக்கு வராததால்.

இலை போனதற்குக் காரணம் ருசி மாறியது அல்ல. முதல் காரணம் தூரம். கிணற்றடியில் விளைந்த நூக்கல் நின்று, ஓசூர், கோலார் பக்கத்திலிருந்து லாரியில் வரத் தொடங்கியபோது இலை பாரமாயிற்று. இலையோடு வைத்தால் காயின் ஈரத்தை அது இழுத்துவிடும், மூட்டைக்குள் புழுங்கி அழுகும். வியாபாரிக்கு வெட்டி எறிவது லாபம். இரண்டாவது காரணம் நேரம். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு விடியலிலேயே வண்டி ஏறும் பெண்கள் ஆயிரக்கணக்கானவர்கள். இலை ஆய்ந்து, நரம்பு கிழித்து, புழு பார்த்து, மண் போக அலசுவதற்கு முக்கால் மணி நேரம் வேண்டும். கம்பெனி வண்டி அதுவரை நிற்காது. காயை நறுக்கிக் குக்கரில் போட்டால் பத்து நிமிஷம். இதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் இலை ஆய்ந்து பார்க்காதவர்கள். இடைப்பட்ட சில வருஷங்களில் கடைக்காரரே, ‘எலயோட எடுத்துக்கினு போம்மா, மாட்டுக்காவது ஆவும்’ என்று சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். பிறகு தெருவில் மாடுகளும் குறைந்தன.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நோக்கோல் இன்னும் இலையோடு கட்டாக விற்கிறது. இலையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ சேர்த்து வறை செய்வது அங்கே சாதாரணச் சமையல். அதே காய், அதே தமிழ்ச் சமையற்கட்டு. கடலுக்கு அந்தப் பக்கம் இலை தப்பிப் பிழைத்திருக்கிறது.

சத்து விஷயத்திலும் இலைதான் முந்தும். கீரைகளில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தாலும், பசலை போன்றவற்றில் உள்ள ஆக்சலேட் அதைப் பிடித்துவைத்து உடலில் சேரவிடாது. கோஸ் குடும்பத்து இலைகளில் ஆக்சலேட் மிகக் குறைவு. 1990இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் கேல் இலையின் சுண்ணாம்பில் சுமார் 40 விழுக்காட்டை உடல் ஏற்றது. பசலைக்கு முன்பு அதே குழுவினர் கண்டது 5 விழுக்காடுதான். தைராய்டு இருப்பவர்கள் கோஸையே தொடக்கூடாது என்ற பேச்சு இப்போது எல்லா வீட்டிலும் கேட்கிறது. பச்சையாக மிக அதிகம் உண்பது, அதோடு அயோடின் குறைவு, இரண்டும் சேரும்போதுதான் அந்தக் கவலைக்கு இடம். வேகவைத்தால் தைராய்டைப் பாதிக்கும் தன்மை பெரிதும் குறையும்.

தோல் தொழில் நடக்கும் பகுதியில் இலையைப் பற்றிப் பேசும்போது தண்ணீரைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட ஊர்கள் இவை. 1970களில் பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்து, முழுதாகப் பதனிட்ட தோலுக்கும் செருப்புக்கும் தொழில் நகர்ந்தபோது குரோமியப் பதனிடல் பெருகியது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதைக் குறிப்பிடுகிறது. திமிரி பாலாற்றுக்குத் தெற்கே தள்ளி இருப்பதால் கிணறுகள் எல்லாம் அப்படி ஆகிவிடவில்லை. ஆனாலும் ராணிப்பேட்டைப் பக்கத்து உறவினர் வீட்டுக் கிணற்றில் குளித்துவிட்டு வந்து, தலைமுடி கயிறாகிவிட்டது என்று சொல்லாத குடும்பம் இங்கே குறைவு.

உப்பேறிய தண்ணீரில் கோஸ் வகைகள் இலை ஓரம் கருகிக் குன்றும். குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கும். இலைக்கு ஏறுவது குறைவு. ஆகவே மாசுபட்ட நிலத்தில் முள்ளங்கியே அதிகச் சந்தேகத்துக்கு உரியது. இன்னொரு வகையில் இந்தக் குடும்பம் அந்த நிலத்துக்கு உதவவும் கூடும். கடுகுச் செடி மண்ணிலிருந்து கன உலோகங்களை உறிஞ்சித் தன்னில் சேர்த்துக்கொள்ளும் தன்மை உடையது. மண்ணைத் தூய்மையாக்க அதைப் பயிரிட்டுப் பிடுங்கி அகற்றும் முறை உலகில் பல இடங்களில் ஆராயப்பட்டிருக்கிறது. அப்படி வளர்த்த கடுகின் இலை அடுப்புக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது.

கோஸ் குடும்பத்தின் தூரத்து உறவுகள் திமிரியில் முன்பே குடியிருந்தன. பிராசிகேல்ஸ் என்ற பெருவரிசையில் கோஸுக்கும் கடுகுக்கும் மேலாக, பப்பாளி, முருங்கை, மாவிலங்கம், நல்வேளை எல்லாம் சேரும். பப்பாளி விதையைக் கடித்தால் கடுகு போல உறைப்பது தற்செயல் அல்ல. மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் பள்ளிவாசல் வாசலில் விற்கும் மிஸ்வாக் குச்சி உகா மரத்தின் வேர். அதன் காரமும் இதே வகை ஐசோதயோசயனேட்டிலிருந்து வருவது. நல்வேளை கோஸ் குடும்பத்துக்கு மிக நெருங்கிய சொந்தம். குப்பைமேட்டில் தானாக முளைக்கும் வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்க்காதபடி கதவடைத்து உண்ணும் ஏழை வீட்டைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகிறது. கீரையின் சரித்திரத்தில் வறுமைக்கும் வெட்கத்துக்கும் அன்றிலிருந்தே பங்கு உண்டு. முள்ளங்கி இலையை விருந்தாளி வந்த அன்று சமைக்காமல் இருந்ததும் அந்த வெட்கத்தின் மிச்சம்தான்.

சமவெளிக்கு வாய்த்த பல்லாண்டு கேல் முருங்கைதான். கிளையை ஒடித்து நட்டால் வளரும், வெட்ட வெட்டத் துளிர்க்கும், சித்திரையிலும் இலை தரும். விதை போட்டு ஓராண்டுக்குள் காய்க்கும் பி.கே.எம். 1 ரகம் பெரியகுளத்திலிருந்து 1989இல் வெளியான பிறகு, கிளை கேட்டு அடுத்த தெருவுக்கு நடக்கும் வழக்கம் குறைந்தது. மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அடைந்து, பக்கத்து வீட்டுச் சுவருக்கு ஏறி, அதனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று, தீப்பந்தம் பிடித்துப் பூச்சியைக் கொளுத்திய சாயங்காலங்கள் பழைய தெருக்காரர்கள் நினைவில் இருக்கும். வீட்டு முன்னால் முருங்கை வைக்கக்கூடாது என்ற சொல்லுக்குப் பேயைவிடக் கம்பளிப்பூச்சியும், லேசாக ஒடிந்து விழும் கிளையும் நல்ல காரணம்.

சென்னைப் பெரிய கடைகளில் பிளாஸ்டிக் பெட்டியில் குளிரவைத்து விற்கும் கேலை வேலூர் பக்கத்திலும் தேடுகிறார்கள். கேல் விதை கிடைத்தால் ஆவணியில் போட்டுப் பார்க்கலாம். நூக்கலுக்குச் செய்யும் பக்குவமே அதற்கும். விதை தேட நேரமில்லாதவர்கள் காய்கறிக்காரரிடம் மார்கழி, தை மாதத்தில் இலை வெட்டாத நூக்கல் வேண்டும் என்று இரண்டு நாள் முன்பே சொல்லிவைக்கலாம். பக்கத்துக் கிராமத்துக் கழனியிலிருந்து வரும் காய்க்கு இலை இருக்கும். வெட்டி எறிவதற்குப் பதிலாக அவரும் கொண்டுவந்து கொடுப்பார். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் முள்ளங்கி போடுமுன் அதைச் சோதனைக்கு அனுப்புங்கள்.